“யவாரா” பாடல் 1964 ஒலிம்பிக் தோல்விக்கு ஆறுதலாக எழுதப்பட்டதா?

கேள்வி – ஏட்டுச்சுவடி

நண்பர்களுக்கு வணக்கம். ஜப்பானிய என்கா இசையைச் சில காலமாகக் கேட்டு வருகிறேன். மிசோரா ஹிபாரி பாடி 1964-இல் வெளிவந்த “யவாரா” பற்றி எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. ஜூடோவைப் போற்றும் பாடல்களில் இதற்கு இணையான புகழ் வேறொன்றுக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. யவாரா என்பது ஜூஜுட்சு என்ற பழைய மற்போர்க் கலைக்கு வழங்கிய பெயர் என்பதும், ஜூடோ அதிலிருந்து கிளைத்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே பெயர் விளக்கம் எனக்குத் தேவையில்லை.

நான் கேட்க வருவது வேறு. டோக்கியோ ஒலிம்பிக்கில் எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பானிய வீரர் காமினாகா அகியோ, நெதர்லாந்தின் ஆன்டன் கேசிங்கிடம் தோற்றார் என்றும், அந்தத் தோல்வியால் துவண்டுபோன நாட்டைத் தேற்றுவதற்காகவே இப்பாடல் எழுதப்பட்டது என்றும் பல இடங்களில் படிக்கிறேன். போட்டி நடந்தது அக்டோபர் 23. இசைத்தட்டு வெளிவந்தது நவம்பர் 20. இடையில் நான்கே வாரங்கள். இந்தக் கதை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது?

இரண்டாவதாக, வெல்ல வேண்டும் என்று நினைக்காதே, அப்படி நினைத்தாலே தோற்றுவிடுவாய் என்ற பொருளில் பாட்டு தொடங்குகிறது. பதக்கத்துக்காக மோதும் ஒரு விளையாட்டைச் சேர்ந்தவர்கள் இந்த வரியைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டது எப்படி? மூன்றாவதாக, 27 வயதுப் பெண்ணின் குரலில் ஓர் ஆண் மற்போர் வீரனின் மனநிலை வெளிப்படுவதை அக்காலத்து ஜப்பானியர் எவ்வாறு எடுத்துக்கொண்டனர்? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

மறுமொழி 1 – பழையதட்டு

முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். அதுவே நீண்டுவிடும் போலிருக்கிறது.

தேற்றுவதற்காக எழுதப்பட்டது என்ற கதையை நான் ஏற்கவில்லை. இப்பாடல் நிப்பான் தொலைக்காட்சியில் அக்காலத்தில் ஒளிபரப்பான “யவாரா” என்ற ஜூடோத் தொடருக்கு முகப்புப் பாடலாக அமைந்தது. பாட்டை எழுதியவர் செகிசாவா ஷினிச்சி, இசையமைத்தவர் கோகா மசாவோ, வெளியிட்டது நிப்பான் கொலம்பியா நிறுவனம். ஒரு தொலைக்காட்சித் தொடர், அதற்கொரு பாடல், அந்நிறுவனத்தின் முதல்நிலைப் பாடகி என்று மூன்றும் சேர்ந்த திட்டம் ஓர் ஆட்டம் தோற்ற மறுநாள் உட்கார்ந்து தீட்டப்பட்டிருக்கும் என்பது நம்பக்கூடியதாக இல்லை. ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாகச் சேர்க்கப்படுகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே நாட்டில் ஜூடோ மோகம் ஏறிக்கொண்டிருந்தது. திரைப்படமும் தொலைக்காட்சியும் பாடலும் அந்த அலையில்தான் மிதந்து வந்தன. தோல்வி நேராமல் காமினாகா வென்றிருந்தாலும் இந்தத் தட்டு கடைக்கு வந்திருக்கும் என்பதே என் கணிப்பு.

ஆனால் வென்றிருந்தால் மக்கள் அதை இதே போல் கேட்டிருப்பார்களா என்பது வேறு கேள்வி. அதற்கு அந்த அக்டோபர் 23-ஐச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும்.

1964-இல் ஜூடோவில் நான்கே பிரிவுகள்: 68 கிலோ வரை, 80 கிலோ வரை, 80 கிலோவுக்கு மேல், எடை வரம்பற்ற பிரிவு. நாளுக்கொரு பிரிவாக நடந்த போட்டிகளில் நகாதானி, ஒகானோ, இனோகுமா ஆகிய மூவரும் முதல் மூன்று நாளும் அடுத்தடுத்துத் தங்கம் வென்றார்கள். கணக்குப் பார்த்தால் இது மாபெரும் வெற்றி. எனினும் ஜப்பானியர் மனத்தில் உண்மையான ஜூடோ என்பது நான்காம் நாள் ஆட்டம்தான். எடையைப் பாராமல் எவரும் எவரோடும் மோதலாம், சிறியவன் பெரியவனைச் சாய்க்கலாம் என்பதுதானே அந்தக் கலையின் பெருமை! அந்த ஆட்டத்துக்கு எதிரே வந்து நின்றவர் ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள கேசிங்க். அவர் திடீரென்று முளைத்தவரும் அல்லர். ஜப்பானில் டென்ரிக்குச் சென்று பயின்றவர். 1961-இல் பாரிஸ் உலகப் போட்டியில் பட்டம் வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் வெளிநாட்டவர் ஆனவர். இதே ஒலிம்பிக்கில் தொடக்கச் சுற்றிலேயே காமினாகாவை ஒருமுறை வென்றிருந்தார். ஆகவே நடக்கப்போவது என்ன என்ற அச்சம் அரங்கில் இருந்தவர்களுக்கு முன்பே இருந்திருக்கும்.

போட்டி நடந்த நிப்பான் புடோகான் அரங்கம் அந்த அக்டோபர் தொடக்கத்தில்தான் திறக்கப்பட்டிருந்தது. ஆட்டம் 9 நிமிடம் 22 வினாடி நீடித்தது. காமினாகா தொடுத்த வீச்சு ஒன்று முழுமை பெறாமல் போக, கேசிங்க் அவரைத் தரையில் சாய்த்து, கழுத்தையும் கையையும் வளைத்துப் பிடிக்கும் கேசா-கதாமே என்ற பிடியில் அழுத்தினார். அக்கால விதிப்படி 30 வினாடி அசையாமல் அழுத்திவிட்டால் ஆட்டம் முடிந்தது. நேரம் முடிந்து மணி ஒலித்ததும் நெதர்லாந்து ஆதரவாளர்கள் மகிழ்ச்சி தாளாமல் பாய்மேடையை நோக்கி ஓடி வந்தார்கள். கேசிங்க் தாம் வென்றதைக் கொண்டாடுவதற்கு முன் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்திவிட்டு, முறைப்படி எழுந்து வணங்கினார். தோல்வியின் வேதனையைக் காட்டிலும் அந்த உயர்ந்த கை ஜப்பானியரை அதிகம் உலுக்கியது. ஜூடோவின் ஒழுக்கத்தை அயல்நாட்டவர் ஒருவர் தங்களைவிடத் திருத்தமாகக் கற்றிருக்கிறார் என்பதை அவர்கள் கண்ணெதிரே கண்டார்கள்.

இதற்கு நான்கு வாரம் கழித்து, வெல்ல நினைப்பவன் தோற்பான் என்று ஒரு பாட்டு வீட்டுக்கு வீடு ஒலித்தால் கேட்பவர்கள் யாரை நினைத்துக்கொண்டிருப்பார்கள்? பாட்டு எழுதப்பட்ட காரணம் ஒன்று, அது பரவிய காரணம் இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டதால் பிறந்ததுதான் நீங்கள் படித்த கதை.

சுமார் 19 லட்சம் தட்டுகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. 1965-ஆம் ஆண்டின் ஜப்பான் இசைத்தட்டு விருதில் முதற்பரிசும் இப்பாடலுக்கே. புத்தாண்டுக்கு முந்தைய இரவில் நடைபெறும் கோஹாக்கு என்ற தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியில் 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஹிபாரி இதையே பாடினார். ஒரு தோல்வியின் ஆறுதல் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் ஓராண்டு கழித்து அதற்கு இத்தனை மதிப்பு இருந்திருக்காது.

பாடலாசிரியரைப் பற்றி இடைக்குறிப்பாக ஒன்று. செகிசாவா தோஹோ நிறுவனத்தின் அரக்கப் படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர். மோத்ரா, கிங்காங்கும் காட்ஸில்லாவும் மோதும் படம் போன்றவை அவர் கைவண்ணம். 1964-இல் மட்டும் இரண்டு காட்ஸில்லா படங்களுக்குத் திரைக்கதை எழுதிய அதே பேனாதான் இந்த அடக்கமான வரிகளையும் எழுதியது.

மறுமொழி 2 – இசைப்பித்தன்

பழையதட்டு அவர்கள் வரலாற்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பாட்டின் அமைப்பையும் குரலையும் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் கேள்விக்கும் அதில் ஓரளவு விடை இருக்கிறது.

இதை என்கா என்று நாம் இன்று அழைத்தாலும், 1964-இல் கடையில் இதைக் கேட்டு வாங்கியவர்கள் கயோக்யோகு (வெகுமக்கள் பாடல்) என்ற பொதுப்பெயரால்தான் அறிந்திருப்பார்கள். என்கா தனியொரு வகையாக நிலைபெற்றது 1960-களின் பிற்பாதியிலிருந்துதான். இருந்தாலும் அவ்வகையின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது, ஏனெனில் அந்த இலக்கணத்தை வகுத்தவர்களுள் ஒருவரே கோகா மசாவோ. 1931-லேயே கிட்டார் துணையோடு சோகப் பாடல்களை அமைத்துப் பெயர் பெற்றவர் அவர். அவருடைய பாணிக்கு கோகா மெட்டு என்றே பெயர் ஏற்பட்டது. 1904 நவம்பர் 18-இல் பிறந்த அவருக்கு அறுபது வயது நிறைந்த இரண்டாம் நாள் இந்தத் தட்டு வெளிவந்தது என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் மெட்டில் தெரிகிறது.

இவ்வகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்காம், ஏழாம் சுரங்களை நீக்கிய ஐந்துசுர வரிசையில் அமைபவை. நம் இசை பழகியவர்களுக்கு இது அயலானதன்று. அதன் மகிழ்வான வடிவம் மோகனத்தின் சுரங்களே. சோக வடிவமோ, சிவரஞ்சனியில் தைவதத்தை மட்டும் ஒருபடி இறக்கினால் கிடைப்பது. சுரங்கள் ஒன்றாயினும் பாடும் முறை வேறு. அந்த வேறுபாட்டைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கொபுஷி என்று அவர்கள் சொல்லும் சுழிப்பு நம் கமகம் போல் ஒரு சுரத்தின் உருவத்தையே தீர்மானிப்பதன்று. அசையின் முடிவில் குரலை ஒருமுறை இறுக்கிச் சுண்டிவிட்டு நேர்க்கோட்டுக்குத் திரும்புவது அது.

ஹிபாரியின் தனித்திறன், கனத்த மார்புக் குரலிலிருந்து மெல்லிய மேற்குரலுக்கு இழை தெரியாமல் தாவுவது. அவருடைய சோகப் பாடல்களில் இந்தத் தாவலையே எதிர்பார்த்துக் காத்திருப்போம். “யவாரா”வில் அவர் அந்த வித்தையை முன்னிறுத்துவதில்லை. குரலைத் தாழ்த்தி, மூச்சை அடக்கி, சொற்களை அழுத்தமாக ஊன்றி நடக்கிறார். ஒவ்வொரு பத்தியிலும் கடைசிக்கு முந்தைய தொடர் இருமுறை வருகிறது. முதல் பத்தியில் வாழ்நாளில் ஒரேயொரு முறை என்பது, இரண்டாவதில் காதலின் கண்ணீர் என்பது, மூன்றாவதில் யவாராவே ஒரே வழி என்பது. அந்த இரட்டிப்பைக் கூர்ந்து கேளுங்கள். முதல்முறை சொல்லும்போது ஓர் அறிவிப்பைப் போல் இருக்கும். இரண்டாம் முறை தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல் உள்வாங்கும். பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பெண் குரலில் ஆண் பேசுவது அக்காலத்து ரசிகர்களுக்கு வியப்பாக இருந்திருக்காது. காலப்படங்களில் ஹிபாரி ஆண் வேடம் கட்டி வாள் சுழற்றியதை அவர்கள் பல ஆண்டுகளாகத் திரையில் பார்த்து வந்தவர்கள். அதோடு, நடிகர் கோபயாஷி அகிராவுடனான அவருடைய திருமண வாழ்வு அந்த 1964-இல்தான் முறிந்தது. நாடறிந்த செய்தி அது. இரண்டாம் பத்தியில் வரும் கண்ணீரை ரசிகர்கள் மற்போர் வீரனுடையதாக மட்டும் எண்ணியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஏட்டுச்சுவடி

இருவருக்கும் நன்றி. எழுதிய காரணமும் பரவிய காரணமும் வேறு என்ற விளக்கம் எனக்கு நிறைவாக இருக்கிறது. என் இரண்டாம் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. பயிற்சிக்கூடத்தில் பயின்றவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்: வெல்ல நினைக்காதே என்பது மேடைப்பேச்சுக்கு உகந்த அறவுரையா, அல்லது பாயின்மேல் நிற்பவனுக்கு ஏதேனும் பயன் தருகிறதா?

மறுமொழி 3 – வெண்பட்டை

ஐயா, பயன் தருகிறது. அறவுரையாக அதைக் கேட்பவர்கள்தாம் அதன் நுட்பத்தைத் தவறவிடுகிறார்கள் என்று சொல்வேன்.

ஜூடோவை வகுத்த கானோ ஜிகோரோ 1882-இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில் 12 பாய்கள் விரித்த இடத்தில் கொடோகான் என்ற ஜூடோப் பள்ளியைத் தொடங்கியபோது, பழைய ஜூஜுட்சு மரபுகளிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட அடிப்படைக் கருத்து, மென்மை வன்மையை ஆளும் என்பது. சீனப் போர் நூலில் வரும் அந்த முதுமொழியை அவர் எண்ணிக்கை வைத்து விளக்கினார். எதிராளியின் வலிமை 10 என்றும் என் வலிமை 7 என்றும் கொள்வோம். அவர் தள்ளும்போது நான் எதிர்த்து நின்றால், முழு வலிமையையும் செலவழித்தாலும் நான் சாய்வது உறுதி. அவர் தள்ளிய திசையிலேயே என் நிலை குலையாமல் பின்வாங்கினால், அவர் முன்னோக்கிச் சரிந்து நிலை தடுமாறுவார். அந்த ஒரு கணத்தில் அவர் பயன்படுத்தக்கூடிய வலிமை 3 ஆகச் சுருங்கிவிடும். நிலைகுலைந்த மூன்றை வெல்ல என் ஏழில் பாதியே போதும். நிலைகுலைத்தல், அதாவது குசுஷி, முதலில். வீச்சு அதற்குப் பின்னர்தான்.

இப்போது பாட்டின் முதல் வரிக்கு வாருங்கள். வென்றே ஆக வேண்டும் என்ற நினைப்பு முதலில் தோளில்தான் ஏறி உட்காரும். தோள் இறுகினால் முழங்கை விறைக்கும். முழங்கை விறைத்தவுடன் எதிராளியின் சட்டைக் கழுத்தைப் பிடித்திருக்கும் என் கை, நான் அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறேன் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். துணியைப் பிடித்து ஆடும் கலையில் இரகசியம் என்று ஒன்று நிற்பது தளர்ந்த கையில் மட்டுமே. என் ஆசிரியர் இரு கைகளின் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் இறுக்கிக்கொண்டு மற்ற விரல்களைத் தளர்த்தச் சொல்வார். வெற்றியை நினைத்த மறுகணம் பத்து விரலும் சேர்ந்து இறுகியிருப்பதைக் கண்டு, ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைத் தட்டுவார்.

அதே வரிசையில், தோற்றாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற பொருளில் வரும் அடுத்த தொடரும் நடைமுறை சார்ந்ததே. ஜூடோவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் கற்றுத்தருவது வீழ்த்துவதை அல்ல, விழுவதை. உக்கேமி என்ற அந்தப் பயிற்சியில் முகவாயை மார்போடு ஒட்டி, தொப்புளைப் பார்த்தபடி, உடல் தரையைத் தொடும் நொடியில் கையைச் சாய்வாக நீட்டிப் பாயை அறைய வேண்டும். அந்த அறை ஓசை தெளிவாக விழும்வரை வீச்சுக்குப் போக விடமாட்டார்கள். விழ அஞ்சுகிறவன் வீச்சை முழுமையாகத் தொடுக்க மாட்டான். பாதியில் நிறுத்துவான், பாதியில் நின்ற வீச்சைத்தான் எதிராளி மடக்கித் தரையில் அழுத்துவார். பழையதட்டு அவர்கள் வருணித்த இறுதி ஆட்டத்தின் முடிவை இந்தக் கண்ணோடு பாருங்கள். காமினாகா அஞ்சினார் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாட்டின் எதிர்பார்ப்பு முழுவதையும் தோளில் ஏற்றிக்கொண்டு தளர்ந்த கையோடு நிற்பது எவருக்கும் அரிது என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாம் பத்தியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. போவதும் நிற்பதும் இருப்பதும் கிடப்பதும் எல்லாம் யவாராவே என்று வருகிறது. இந்த நான்கு நிலைகளும் புத்த சமயத்தில் அன்றாட வாழ்வு முழுவதையும் குறிக்கச் சேர்த்துச் சொல்லப்படுபவை. தியானம் அமர்ந்திருக்கும்போது மட்டும் நிகழ்வதன்று என்பதற்காக எடுத்தாளப்படுபவை. செகிசாவா அதை அப்படியே மற்போருக்கு மாற்றிக்கொண்டார். ஆனால் அதே பத்தியின் தொடக்கத்தில், வாயால் சொல்வதைவிடக் கை முந்திவிடும், மூடர்களோடு மல்லுக்கு நிற்க இது நேரமன்று என்றும் சொல்கிறான் இந்த வீரன். கோபம் வந்து அடக்கிக்கொண்டவன் அவன். முற்றும் துறந்தவன் அல்லன். அந்தச் சிறு முரட்டுத்தனம் இல்லாவிட்டால் பாட்டு வெறும் சுவர்ப்பலகை வாசகமாகியிருக்கும்.

மறுமொழி 4 – கார்த்திகைப்பூ

மூன்றாம் கேள்வியில் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது; அதைச் சேர்க்கிறேன்.

ஹிபாரி இப்பாடலைப் பாடியபோது ஜப்பானில் பெண்கள் ஜூடோ கற்கலாம், போட்டியிட முடியாது. கானோ 1893-லேயே பெண்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியவர். கொடோகானில் பெண்களுக்கென்று தனிப்பிரிவு 1926-இல் வந்தது. எனினும் அவர்களுக்குரியது பெரும்பாலும் கதா எனப்படும் வகுக்கப்பட்ட அசைவுகளும் மெதுவான பயிற்சியுமே என்று வைத்திருந்தார்கள். அனைத்து ஜப்பான் அளவில் பெண்களுக்கான போட்டி 1978-இல்தான் தொடங்கியது. உலகப் போட்டி 1980-இல் நியூயார்க்கில். ஒலிம்பிக்கில் முறையான இடம் 1992-இல் பார்சிலோனாவில். அதாவது 1964-இல் அந்தப் பாய்மேடையில் கால் வைக்க எந்தப் பெண்ணுக்கும் உரிமை இல்லாத நாளில், அந்த மேடையின் மிகப் புகழ்பெற்ற பாட்டு ஒரு பெண்ணின் குரலில் ஒலித்தது. யோகோஹாமா மீன்கடைக்காரரின் மகளாகப் பிறந்து, பன்னிரண்டு வயதில் தட்டு வெளியிட்டு, ஆண்கள் நிறைந்த இசைத்துறையில் நிலைத்தவருக்கு அந்த வீரனின் பிடிவாதம் இரவல் உணர்ச்சியாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

பின்னாளில் யவாரா என்ற சொல் இளையோரிடம் வேறு வழியாகப் பரவியது. உராசாவா நாவோகி 1986-இலிருந்து வரைந்த சித்திரக்கதை ஒன்றில் ஜூடோ கற்ற பெண்ணின் பெயர் அது. பார்சிலோனாவில் 16 வயதில் வெள்ளி வென்ற தமுரா ரியோகோவை ரசிகர்கள் யவாரா-சான் என்று செல்லமாக அழைத்தது அந்தக் கதையை வைத்துத்தான், ஹிபாரியின் பாட்டை வைத்து அல்ல. அவர் 2000-இல் சிட்னியிலும் 2004-இல் ஏதென்ஸிலும் தங்கம் வென்றார். ஹிபாரி அதற்கு முன்பே, 1989 ஜூன் 24-இல், 52 வயதில் காலமாகிவிட்டார். மறைந்த அடுத்த மாதமே மக்கள் பெருமை விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. இசையமைப்பாளர் கோகாவும் 1978-இல், தம் மறைவுக்குப் பின், அதே விருதைப் பெற்றவர்.

ஏட்டுச்சுவடி அவர்களுக்கு ஒரு பரிந்துரை: 1964-இன் இசைத்தட்டுப் பதிவை முதலில் கேளுங்கள். பிற்காலத்து மேடைப் பதிவுகளில் வேகம் குறைந்து, சுழிப்புகள் கூடி, கைத்தட்டலுக்கு இடம் விட்டுப் பாடுவது தெரியும். அவையும் நன்றாகவே இருக்கின்றன, ஆயினும் இசைப்பித்தன் அவர்கள் சுட்டிய அந்த இரட்டிப்பு வரியின் அடக்கம் முதல் பதிவில்தான் முழுமையாகக் கிடைக்கிறது.